நூறு மில்லி லிட்டர் நீரும் ஓர் ஊரின் நலமும்

தோட்டத்துப் பால் ஸ்டோரில் நடைபெறும் ஒரு சிறு காரியத்தைப் பால்மரத் தொழிலாளர் யாவரும் நன்கு அறிவர். வாளிகளில் வந்து சேர்ந்த பால் அளக்கப்பட்டதும், அதிலிருந்து ஒரு சிறு பங்கு மட்டும் தனியே எடுக்கப்படுகிறது. மெட்ரோலாக் கருவியை அதில் மிதக்கவிட்டோ, சோதனைக்கூடத்தில் உறையவைத்து உலர்த்தி நிறுத்தோ, அப்பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு உண்டு என்பது கணக்கிடப்படுகிறது. விடியற்காலை முதல் நண்பகல் வரை ஒருவர் பட்ட பாட்டின் மதிப்பை அந்தச் சிறு பங்கே முடிவு செய்கிறது. வாளியைக் கலக்காமல் மேலாக அள்ளினாலும், மழைநீர் கலந்திருந்தாலும், குறிப்பேட்டில் ஒருவர் எண்ணுக்கு எதிரே மற்றொருவர் கணக்கை எழுதினாலும் முடிவு பிழையாகிவிடும். கருவியின் மீது குறை இராது. எடுத்த முறையிலும் எழுதிய முறையிலுமே குறை இருக்கும்.

நாம் பருகும் நீரின் சோதனையும் இதனையே ஒத்தது. ஒரு சுத்திகரிப்பு நிலையம் நாள் ஒன்றுக்குக் கோடிக்கணக்கான லிட்டர் நீரைக் குழாய்களில் அனுப்புகிறது. அந்நீர் கிருமியற்றதா என்பதை அறிய, சோதனைக்கூடம் ஒவ்வொரு மாதிரியிலும் கையாளுவது நூறு மில்லி லிட்டர் மட்டுமே, அதாவது ஒரு சிறு கோப்பை நீர். அச்சிறு கோப்பையின் பேச்சை நம்பி ஓர் ஊரே குழாயைத் திறக்கிறது. ஆகவே, அந்தக் கோப்பை எங்கிருந்து வந்தது, எவ்வாறு வந்தது, அதன் முடிவு யாரிடம் போய்ச் சேர்கிறது என்பனவற்றை ஒழுங்குபடுத்துவதே சோதனைக்கூட நிர்வாகத்தின் பெரும்பகுதி எனலாம். விலையுயர்ந்த கருவிகள் அதற்குப் பின்னரே வருகின்றன.

சோதிப்பவர் யார்?

உலகின் பல நாடுகளில் குடிநீர் வழங்கும் பொறுப்பு நகராட்சி மன்றங்களிடமே இருந்து வருகிறது. நமது நாட்டிலும் பினாங்கில் மாநகர மன்றமே நீர் வழங்கிவந்தது. 1973இல்தான் அப்பணி தனி நீர் வாரியத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று மலேசியாவில் மாநிலந்தோறும் உள்ள நீர் நிறுவனங்கள் இப்பணியைச் செய்கின்றன. நீரை வழங்கும் நிறுவனம் தன் நிலையங்களில் தானே சோதனை நடத்துதல் வேண்டும். அஃது அதன் அன்றாடக் கடமை.

எனினும், நீரை வழங்குபவரும் அதற்கு நற்சான்று அளிப்பவரும் ஒருவராகவே இருத்தல் நன்றன்று. சமைத்தவரையே சுவை எப்படி என்று கேட்டால் வேறு என்ன விடை கிடைக்கும்? இதன் பொருட்டே 1983ஆம் ஆண்டு முதல் சுகாதார அமைச்சு தேசியக் குடிநீர்த் தரக் கண்காணிப்புத் திட்டத்தை நடத்தி வருகிறது. மாவட்டச் சுகாதார அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள் மாதிரி நீரை எடுக்கிறார்கள்; பெட்டாலிங் ஜெயாவைத் தலைமையகமாகக் கொண்ட இரசாயன இலாகா ஆய்வுப் பணியைச் செய்கிறது. ஆற்றிலிருந்து நீர் நிலையத்துள் நுழையும் இடம், சுத்திகரித்த நீர் வெளியேறும் இடம், சேமிப்புக் குளத்தின் வாய், மக்கள் பயன்படுத்தும் குழாய் ஆகிய ஒவ்வோர் இடத்திலும் மாதிரி எடுக்கப்படுகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. நிலையத்தின் வாயிலில் நன்றாக இருந்த நீர் குழாய் முனையில் கெட்டிருந்தால், பழுது இடைவழியில் இருக்கிறதென்று தெரிந்துவிடும். எல்லா மாதிரியையும் ஒரே இடத்தில் எடுத்தால் இந்த அறிவு கிட்டாது.

போத்தலும் வெண்பொடியும்

மாதிரி எடுப்பவர் கொண்டுவரும் போத்தல், நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கப்பட்டது. அதன் அடியில் சிறிது வெண்பொடியோ சில துளி நீர்மமோ இருக்கக் காணலாம். அதனை அழுக்கென எண்ணி அலம்பிவிடலாகாது. அது சோடியம் தயோசல்பேட் என்னும் உப்பு. குழாய் நீரில் எஞ்சியுள்ள குளோரின், போத்தலில் அடைபட்ட பின்னரும் கிருமிகளைக் கொன்றுகொண்டே இருக்கும். அவ்வாறாயின், குழாயடியில் உயிரோடு இருந்த கிருமி சோதனைக்கூடம் சேருமுன் மடிந்துவிடும். கெட்ட நீர் நல்ல நீராகத் தோன்றும். அந்த உப்பு குளோரினை உடனே முறித்து, நீரை எடுத்த வேளையில் இருந்த நிலையிலேயே நிறுத்துகிறது. பால் ஸ்டோர் சேருமுன் பால் உறைந்து கட்டிப்பாலாகாதிருக்க நாம் அம்மோனியா சேர்ப்பதில்லையா? நோக்கம் ஒன்றுதான்: எடுத்தபோது இருந்தவாறே கொண்டு சேர்ப்பது.

குழாயின் வாயில் செருகிய துணியும் ரப்பர்க் குழாயும் அகற்றப்படுகின்றன. உலோகக் குழாயாயின் அதன் வாயைத் தீச்சுடரால் சுட்டோ, குளோரின் கரைசலால் துடைத்தோ தூய்மை செய்கிறார்கள். பின்னர்ச் சில நிமிடம் நீரை ஓடவிட்டு, போத்தலின் மூடியைத் தரையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிரப்புகிறார்கள். குலுக்குவதற்கு இடம் வேண்டுமாதலின் மேலே சற்று வெற்றிடம் விடப்படுகிறது. உடனே போத்தலின் மீது எண், இடம், நாள், மணி ஆகியவை எழுதப்படுகின்றன. இவற்றைப் பிறகு நினைவிலிருந்து எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணும் ஊழியரைச் சோதனைக்கூடத் தலைவர் ஒருநாளும் மன்னித்தலாகாது என்பது என் கருத்து.

நிரப்பிய போத்தல் ஐஸ் பெட்டியில் வைக்கப்பட்டு, வெயில் படாமல் கொண்டு செல்லப்படுகிறது. கிருமிச் சோதனைக்குரிய நீரை எடுத்த அன்றே, சில மணி நேரத்திற்குள், தொடங்கிவிடுவதே சிறப்பு. எவ்வாறாயினும் 24 மணி நேரத்தைத் தாண்டுதல் கூடாது. காரீயம் முதலிய உலோகங்களுக்கான மாதிரி வேறு போத்தலில் எடுக்கப்படுகிறது. உலோகம் போத்தலின் சுவரில் படிந்துவிடாதிருக்க அதில் நைட்ரிக் அமிலம் சேர்க்கிறார்கள். அந்நீர் பல வாரம் காத்திருந்தாலும் கேடில்லை. எந்த மாதிரி காத்திருக்கும், எது காத்திராது என்று அறிந்து வேலையை வகுப்பதே கூடத் தலைவரின் முதல் திறமை.

எஞ்சிய குளோரின் மட்டும் ஒரு கணமும் காத்திராது. அதனைக் குழாயடியிலேயே அளத்தல் வேண்டும். சிறு கண்ணாடிக் குப்பியில் நீரைப் பிடித்து, டி.பி.டி. என்னும் மாத்திரை ஒன்றைப் போட்டால், குளோரின் இருப்பின் நீர் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் எத்துணை அழுத்தமோ அத்துணைக் குளோரின் உண்டென்று பொருள். மலேசியத் தர அளவின்படி, மக்கள் பயன்படுத்தும் குழாய் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லி கிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும்.

கூடத்தின் உள்ளே

மாதிரிகள் வந்திறங்கியதும் முதலில் திறக்கப்படுவது போத்தலன்று, பதிவேடு. ஐஸ் பெட்டியின் குளிர் எத்தனை பாகை, மணி என்ன, முத்திரை சிதைந்திருக்கிறதா என்பன எழுதப்படுகின்றன. காலங்கடந்து வந்த போத்தலைத் திருப்பியனுப்பும் துணிவு பதிவாளருக்கு இருத்தல் வேண்டும். வீண் அலைச்சல் ஆயிற்றே என்று இரங்கி ஏற்றுக்கொண்டால், அதன் முடிவை நம்பி எவரும் செயற்பட முடியாது.

நீரில் நோய்க்கிருமிகள் எத்தனையோ வகை இருக்கக்கூடும். வாந்திபேதி, குடற்காய்ச்சல், சீதபேதி என ஒவ்வொன்றின் கிருமியையும் தனித்தனியே தேடிக்கொண்டிருந்தால் காலமும் பொருளும் போதா. ஆதலின், ஈ.கோலை என்னும் நுண்ணுயிரைத் தேடுகிறார்கள். அது மனிதர், கால்நடை ஆகியோரின் குடலில் வாழ்வது. அதன் வகைகளுள் பல தாமே தீங்கு செய்வதில்லை. ஆயினும், அது நீரில் காணப்படின் மலம் கலந்துவிட்டது என்பது உறுதி. மலம் கலந்த வழியே பிற கிருமிகளும் வரக்கூடும். நூறு மில்லி லிட்டரில் ஒன்றுகூட இருத்தலாகாது என்பதே விதி.

அந்நீரை மிக நுண்ணிய துளைகளுடைய சவ்வுத்தாளில் வடித்து, தாளை ஊட்டப்பொருள் தடவிய தட்டில் வைத்து, இன்குபேட்டர் என்னும் சூட்டுப்பெட்டியில் இரவு முழுதும் வைப்பது ஒரு முறை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி, பெருகிப் பெருகி மறுநாள் ஒரு புள்ளியாகத் தெரியும். நீரில் ஒரு பொடியைக் கலந்து 18 முதல் 24 மணி நேரம் சூட்டில் வைத்து, ஊதாக் கதிர் விளக்கின்கீழ் அது ஒளிர்கிறதா என்று பார்ப்பது மற்றொரு முறை. எம்முறையாயினும் ஓரிரவு கழிய வேண்டும். கிருமி வளர்வதற்கு எடுத்துக்கொள்ளும் காலத்தை எந்தப் பொறியாளரும் சுருக்கிவிட இயலவில்லை. இவ்வுண்மையை வாசகர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும். இதன் முக்கியத்துவம் பின்னர் விளங்கும்.

சூட்டுப்பெட்டி இரண்டு பாகை பிசகினாலும் முடிவு பிசகும். ஆகவே அதனுள் இருக்கும் வெப்பமானியைக் காலையும் மாலையும் பார்த்து எழுதுதல் வேண்டும். மாதிரிகளோடு கிருமியற்ற நீரையும் ஒருமுறை சோதிக்கிறார்கள். அதில் கிருமி வளர்ந்தால் அழுக்கு கூடத்திலேயே இருக்கிறது. கிருமியை வேண்டுமென்றே சேர்த்த நீரையும் சோதிக்கிறார்கள். அதில் வளரவில்லையெனில் ஊட்டப்பொருள் கெட்டுவிட்டது. அவ்வப்போது வெளியார் ஒருவர், விடை தமக்கு மட்டுமே தெரிந்த மாதிரியை அனுப்பி, கூடத்தையே பரீட்சை செய்வதும் உண்டு. ஐ.எஸ்.ஓ. 17025 என்னும் உலகத் தர நியமம் இவற்றையெல்லாம் வற்புறுத்துகிறது. நமது நாட்டில் இந்நியமப்படி கூடங்களுக்கு அங்கீகாரம் அளிப்பது மலேசியத் தர இலாகா.

கருவிகளின் பெருமையைப் பேசும்போது ஒன்றைக் கூறாதிருக்க முடியவில்லை. 2020 செப்டம்பர் மாதத்தில் ரவாங் வட்டாரத்துச் சுங்கை கோங் ஆற்றில் கலந்த கழிவினால் சிலாங்கூரின் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பெருந்தொகையான மக்கள் நீரின்றி அல்லலுற்றனர். நிலையங்களை மீண்டும் திறக்கலாமா என்பதைத் தீர்மானிக்க உதவிய கருவி எது தெரியுமா? மனிதனின் மூக்கு! நீரைத் தூய நீரோடு பன்மடங்கு கலந்து, வாடை மறையும் வரை முகர்ந்து பார்த்து, வாடையின் அளவை எண்ணாகக் குறிப்பார்கள். அந்த எண் பூச்சியம் ஆகும் வரை நிலையம் திறக்கப்படவில்லை.

ரப்பர் ஆலையும் ஆற்றின் அம்மோனியாவும்

சோதனைக்கூடம் ஆற்று நீரில் தவறாது தேடும் பொருள்களுள் ஒன்று அம்மோனியா. நம் கைக்கு மிகவும் பழகிய பொருள்தான். ஆலைக் கழிவு, கால்நடைக் கழிவு, மனிதக் கழிவு ஆகியவற்றிலிருந்து அது ஆற்றில் சேர்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரினைச் சேர்க்கும்போது அது கிருமியைத் தேடிச் செல்லுமுன் அம்மோனியாவோடு கூடிவிடுகிறது. அதன் வலிமை குன்றிவிடுகிறது. ஒரு பங்கு அம்மோனியாவை முற்றும் போக்க ஏழெட்டுப் பங்கிற்கு மேலும் குளோரின் செலவாகும். அளவு மீறினால் நிலையத்தையே மூடிவிட வேண்டிய நிலை ஏற்படும். லங்காட், செமினி ஆறுகளில் இவ்வாறு நேர்ந்ததுண்டு.

1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், 1978இல் கச்சா ரப்பர் ஆலைகளுக்கெனத் தனி விதிகள் இயற்றப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம். ஆலைக் கழிவுநீர் ஆற்றின் உயிர்வளியை எவ்வளவு உண்ணும் என்பதைக் கண்டறிய அந்நீரை 30 பாகைச் சூட்டில் மூன்று நாள் வைத்துச் சோதிப்பது நமது நாட்டு வழக்கம். மேலே ஓர் ஆலையின் கழிவுக் குளம் கரை உடைந்தால், கீழே ஒரு சோதனைக்கூடத்தில் எண்கள் ஏறும். அந்த ஆலையில் வேலை செய்வோரின் குடும்பமும் அதே ஆற்று நீரைக் குழாய் வழியே பருகக்கூடும்.

வாக்கர்ட்டன் ஊரின் கதை

சோதனைக்கூடம் தன் வேலையைச் சரியாகச் செய்தும் ஓர் ஊர் நோயுற்ற வரலாற்றை இனிக் காண்போம். கனடா நாட்டின் ஒந்தாரியோ மாநிலத்தில் வாக்கர்ட்டன் என்பது சுமார் 4,800 பேர் வாழ்ந்த சிற்றூர். ஊர்மன்றத்தைச் சேர்ந்த பொதுச் சேவை ஆணையமே அங்குக் கிணறுகளிலிருந்து நீர் இறைத்து வழங்கிற்று. 2000ஆம் ஆண்டு மே 8 முதல் 12 வரை அங்குப் பெருமழை பெய்தது. ஐந்து நாளில் 134 மில்லி மீட்டர். ஐந்தாம் எண் கிணறு ஆழமற்றது. அருகிலிருந்த பண்ணையில் வயலுக்கு இட்டிருந்த மாட்டெரு மழையில் கரைந்து நிலத்தடி நீரிலும், அதன்வழி கிணற்றிலும் கலந்தது. பண்ணைக்காரர் தம் தொழிலை முறைப்படியே செய்திருந்தார் என்று பின்னர் விசாரணை கூறியது. குற்றம் அவர்மேல் இல்லை.

மே 15இல் மாதிரி எடுக்கப்பட்டுத் தனியார் சோதனைக்கூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டது. மே 17இல் அக்கூடம், நீரில் ஈ.கோலை உண்டென்று ஆணையத்தின் நிர்வாகிக்குத் தெரிவித்தது, முடிவுகளையும் அனுப்பியது. அவர் அதனை எவரிடமும் கூறவில்லை. மறுநாள் முதல் குழந்தைகள் இரத்தபேதியோடு மருத்துவமனைக்கு வரத் தொடங்கினர். மே 19இலும் 20இலும் சுகாதார அலுவலகத்தார் தொலைபேசியில் அழைத்து, நீர் நலமா என்று வினவினர். நலமே என்ற விடைதான் கிடைத்தது. ஐயம் தீராத சுகாதார மருத்துவ அதிகாரி, மே 21இல் நீரைக் காய்ச்சிப் பருகுமாறு தாமே அறிவித்தார்; தாமே மாதிரியும் எடுக்கச் செய்தார். அம்முடிவு மே 23இல் வந்த பின்னரே, ஆறு நாள் முன்பு வந்து அலுவலகத்தில் கிடந்த தாள் வெளிப்பட்டது. ஏழு பேர் மாண்டனர். ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றனர். அவருள் சிறுவர் பலர்.

நீதிபதி டெனிஸ் ஓ'கானர் தலைமையில் விசாரணை நடைபெற்று, 2002இல் அறிக்கை வெளியாயிற்று. அதில் வெளிவந்த செய்திகள் வியப்பூட்டுவன. பல ஆண்டுகளாகவே அங்குள்ள ஊழியர்கள் வசதியான ஓரிடத்தில் நீரைப் பிடித்து, போத்தலின் மீது வேறு இடங்களின் பெயரை எழுதி அனுப்பி வந்தனர். குளோரினை நாள்தோறும் அளந்து எழுத வேண்டிய ஏட்டில், அளக்காமலேயே 0.5 அல்லது 0.75 என்று நிரப்பி வந்தனர். தீய எண்ணத்தோடு அவர்கள் இதைச் செய்யவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. கிணற்று நீர் இயல்பிலேயே தூயது என்று அவர்கள் நம்பினர்; குளோரின் சேர்க்காத நீரைத் தாமும் பருகினர். எந்தத் தொழிலிலும் நேரக்கூடிய அபாயம் இது. பல ஆண்டுகள் ஒன்றும் நேராதிருந்தால், சோதனை வெறும் சடங்கெனத் தோன்றிவிடுகிறது.

சோதனைக்கூடம் ஏன் சுகாதார அதிகாரியிடம் நேரே கூறவில்லை? 1996 வரை ஒந்தாரியோவில் ஊர்மன்றங்களின் நீரை அரசாங்கக் கூடங்களும் சோதித்து வந்தன. அந்த ஆண்டில் செலவைக் குறைக்கும் பொருட்டு அச்சேவை நிறுத்தப்பட்டது. ஊர்மன்றங்கள் தனியார் கூடங்களை நாடின. தீய முடிவு கண்டால் சுகாதார அதிகாரிக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று தனியார் கூடத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றும் அப்போது இயற்றப்படவில்லை. பணம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னவர் எவரோ அவருக்கே முடிவு உரியது என்று அக்கூடம் கருதிற்று. வாடிக்கையாளரின் இரகசியத்தைக் காத்தல் வாணிபத்தில் நற்பண்புதான்; குடிநீரில் அது நஞ்சாயிற்று.

மே 19இலேயே எச்சரிக்கை விடுத்திருந்தால் 300 முதல் 400 பேர் நோயினின்றும் தப்பியிருப்பர் என்று விசாரணை மதிப்பிட்டது. ஆயினும், மாண்டவருள் எவரும் அதனால் பிழைத்திருக்கக்கூடும் என்று அது கருதவில்லை. ஏன்? கிருமி ஏறத்தாழ மே 12இலேயே குழாயில் புகுந்துவிட்டது. மாதிரி எடுத்து, அனுப்பி, ஓரிரவு வளர்த்து, முடிவு சொல்லுமுன் மக்கள் நான்கைந்து நாள் அந்நீரைப் பருகிவிட்டனர். கிருமிச் சோதனை எப்போதும் நேற்றைய நீரையே பேசும் என்று மேலே குறிப்பிட்டோம் அன்றோ? இன்றைய நீரைப் பேசுவது குளோரின் அளவு. மழையோடு வந்த அழுக்கு குளோரினைத் தின்றுவிட்டது என்பதை ஓர் எளிய அளவுமானி அன்றே காட்டியிருக்கும். கிணற்றில் குளோரினையும் கலங்கலையும் இடைவிடாது அளக்கும் கருவி பொருத்தப்பட்டிருந்தால் அக்கேடு தடுக்கப்பட்டிருக்கும் என்பதே விசாரணையின் முடிவு.

அவ்வாண்டு ஆகஸ்டிலேயே ஒந்தாரியோ அரசு புதிய விதி செய்தது. குடிநீரைச் சோதிக்கும் கூடம் அங்கீகாரம் பெற்றிருத்தல் வேண்டும். தீய முடிவு கண்டால் நீர் வழங்குநரோடு சுகாதார அதிகாரிக்கும் நேரே தெரிவித்தல் வேண்டும். 2002இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் நிறைவேறிய பின்னர் இது மேலும் இறுக்கமாயிற்று. தாளை மட்டும் அனுப்பிவிட்டு ஓய்ந்திருத்தல் போதாது. உயிருள்ள ஒருவரோடு வாயால் பேசித் தெரிவித்தல் வேண்டும் என்பது விதி. நல்ல கூடத் தலைவர் ஒருவரின் மேசையில், நள்ளிரவிலும் விடுமுறை நாளிலும் யாரை அழைப்பது என்ற பெயர்ப் பட்டியல் இருக்கும். அப்பட்டியலில் உள்ளவர்கள் இன்னும் அதே பதவியில் இருக்கிறார்களா என்பதை அவர் மாதந்தோறும் சரிபார்ப்பார்.

வரவு செலவுத் திட்டம் பேசும் மன்றக் கூட்டங்களில் சோதனைக்கூடத்துக்கு நண்பர்கள் குறைவு. சாலை போட்டால் கண்ணுக்குத் தெரிகிறது. கூடமோ, ஆண்டு முழுதும் கிருமி இல்லை, கிருமி இல்லை என்றே அறிக்கை தருகிறது. இல்லாத ஒன்றைத் தேட ஏன் இத்தனை செலவு என்று கேட்பவர் எங்கும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியோ, ஐயாயிரம் பேருக்குக் குறைந்த ஊரிலும் குழாய் நீரை ஆண்டுக்குப் பன்னிரண்டு முறையேனும் சோதித்தல் வேண்டும் என்கிறது. அவற்றுள் சிலவற்றைப் பெருமழைக்குப் பின் எடுப்பது நன்று. வெயில் காயும் நாளில், அலுவலகத்துக்கு அருகேயுள்ள குழாயில் மட்டும் எடுத்த பன்னிரண்டு மாதிரிகளால் பயன் சிறிதே.

தோட்டத்துக் குழாய்

தோட்டங்களோ பெரும்பாலும் குழாய் வரிசையின் கடைசி முனையில் இருப்பவை. நீர் நெடுந்தொலைவு வந்து சேர்கையில் குளோரின் தேய்ந்து போகும். நீர் நிறுவனத்தின் பொறுப்பு வழக்கமாக மீட்டரோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் உள்ள தோட்டத்துத் தொட்டியும் குழாய்களும் நிர்வாகத்தின் கையில் இருப்பவை. மூடியற்ற தொட்டியில் பறவை எச்சமும் இலையும் விழுந்தால், நிலையத்தில் செய்த சோதனையெல்லாம் அத்தொட்டியோடு நின்றுவிடும். ஆறு, ஊற்று, கிணறு ஆகியவற்றிலிருந்து நேரே நீர் பெறும் தோட்டங்களில் கவனம் இருமடங்காக வேண்டும். தோட்டக் குடியிருப்புக்குப் போதுமான குழாய்நீரை இலவசமாக அளிப்பது முதலாளியின் கடமை என்பதைத் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆம் எண் சட்டம் விதித்திருக்கிறது. ஆகவே நீரைப் பற்றிக் கேட்பது சலுகை கோருவதாகாது.

நம் தோட்டத்தில் எந்தக் குழாயில் மாதிரி எடுக்கப்பட்டது, எந்த நாளில், முடிவு என்ன என்று நிர்வாகத்திடமோ தோட்ட மருந்தகத்திலோ தொழிற்சங்கத்தின் வாயிலாக வினவலாம். நீரின் நிறமோ வாடையோ திடீரென மாறினாலும், ஒரே லயத்தில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்குக் கண்டாலும், நீரின் முடிவு வரட்டுமென்று காத்திராமல் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். வாக்கர்ட்டனில் மருத்துவ அதிகாரியை விழிக்கச் செய்தது சோதனைக்கூடத்தின் தாளன்று, நோயுற்ற குழந்தைகளே. முடிவு தெரியும் வரை நீரைக் குமிழியெழக் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்துப் பருகலாம். ஆறிய நீரைக் கை படாத பாத்திரத்திலேயே வைத்திருத்தல் வேண்டும். பால்மாவு கரைக்கவும் பல் துலக்கவும் அந்நீரே ஏற்றது. கொதிக்கவைத்தால் கிருமி மடியும். உலோகமும் இரசாயனமும் போகா. ஆகையால் வாடை வீசும் நீரைக் காய்ச்சிவிட்டோம் என்று பருகிவிடக் கூடாது.

குளோரின் அளக்கும் சிறு பெட்டியின் விலை அதிகமன்று. தோட்டத்துத் தொட்டி நீரை நாள்தோறும் காலையில் அளந்து ஏட்டில் எழுதும் ஏற்பாடு இருப்பின், அந்த ஏட்டை நாமும் பார்வையிடக் கேட்கலாம். படிக்கத் தெரிந்த பிள்ளைகளே அதனைப் படித்துவிடுவர். ஒருநாள் 0.4, மறுநாள் 0.3, மழை பெய்த நாளில் 0.1, பிறகு 0.5 என்று எண்கள் ஏறியும் இறங்கியும் இருப்பது இயல்பு. 0.2க்குக் கீழே இறங்கிய நாளில் என்ன செய்தார்கள் என்ற குறிப்பும் அருகே இருத்தல் வேண்டும். மாதம் முழுதும், மழையிலும் வெயிலிலும், 0.5 என்ற ஒரே எண் வரிசையாக நின்றால், எழுதியவரைக் கடிந்துகொள்ள வேண்டுவதில்லை. லயத்துக் கடைசிக் குழாயடிக்குப் பெட்டியைக் கொண்டுவந்து, எல்லாரும் பார்க்க ஒருமுறை அளந்து காட்டுமாறு கேட்டால் போதும். மாத்திரை கரைந்து நிறம் தெரிய இரண்டு நிமிடம் ஆகாது.